போதும் என்று சொல்ல யாருக்கு உரிமை?

பிளேட்டோ எழுதிய ‘குடியரசு’ நூலின் முதற்பகுதியில், வலியவனின் நலமே நீதி என்று சாதிக்கும் திரசிமாக்கஸை மறுத்துப் பேசும் சாக்ரடீஸ், வாதத்தின் நடுவே நுட்பமான ஒரு பிரிவினையைச் செய்கிறார். மருத்துவன் கூலி பெறுகிறான் என்பது உண்மையே. ஆனால் கூலி பெறுவது மருத்துவத்தின் பகுதியன்று, ஏனெனில் மருத்துவத்தின் பயன் நோயாளி குணமடைவதோடு நிறைவடைகிறது, கூலியோ கப்பலோட்டிக்கும் கட்டடம் கட்டுபவனுக்கும் ஒரே வடிவில்தான் வந்து சேர்கிறது. ஆகவே பொருளீட்டல் என்பது எல்லாத் தொழில்களோடும் ஒட்டிக்கொண்டு வரும் தனியொரு கலை என்று கொள்ள வேண்டும் என்கிறார் அவர். இதை ஏற்றுக்கொண்டால், தொழில் செய்து பிழைக்கும் ஒவ்வொருவரும் ஒரே உடம்பில் இரண்டு கலைகளைச் சுமப்பவர் ஆகிறார். அவ்விரண்டும் வெவ்வேறு திசைகளில் இழுக்கும்போது எது எதற்கு வழிவிட வேண்டும் என்பதற்கு அந்த உரையாடலில் நேரான விடை இல்லை.

அந்தக் கேள்வியை மற்றக் கலைகளை விடக் கடுமையாக எழுப்புவது அசைவூட்டப் படம், அதாவது பேச்சு வழக்கில் அனிமேஷன் என்று அறியப்படும் கலை. கவிஞனுக்குத் தாளும் மையும் போதும். நடிகர்களைக் கொண்டு எடுக்கும் படத்தில் காற்றும் வெயிலும் தெருவில் போகிறவர்களும் செலவின்றிச் சட்டகத்துக்குள் வந்துவிடுகின்றனர். அசைவூட்டப் படத்தில் எதுவும் தானாக வருவதில்லை. திரையில் ஒரு நொடிக்கு 24 சட்டகங்கள் ஓடுகின்றன; ஒவ்வொரு சட்டகத்துக்கும் ஒரு புதிய சித்திரம் என்று வரைந்தால் 90 நிமிடப் படத்தில் ஓர் உருவத்துக்கு மட்டும் 1,29,600 சித்திரங்கள் வேண்டும், ஒரே சித்திரத்தை இரண்டு சட்டகங்களுக்கு நிறுத்தினால் அதில் பாதி போதும். அசைவின் தொடக்கம், திருப்பம், முடிவு ஆகிய முக்கிய நிலைகளை வரைபவர் முதன்மைச் சித்திரக்காரர் எனப்படுவார். அந்நிலைகளுக்கு இடையே உள்ளவற்றை வரைபவர் இடைச் சித்திரக்காரர். இருவருக்கும் சம்பளம் உண்டு. எனவே ஒரு பெண் திரும்பிப் பார்க்கும்போது அவளுடைய கூந்தல் ஒரு கணம் பிந்தி வந்து தோளில் விழ வேண்டும் என்று இயக்குநர் விரும்பினால், அவ்விருப்பம் அக்கணமே கணக்கேட்டில் ஒரு செலவாகவும் பதிவாகிவிடுகிறது. சாக்ரடீஸ் பிரித்துக் காட்டிய இரண்டு கலைகளும் இங்கே ஒரே பென்சில் முனையில் சந்திக்கின்றன. அவற்றைப் பிரித்துவைத்துப் பேசும் வசதி இக்கலைக்கு வாய்க்கவில்லை.

படைப்புக்கும் வணிகத்துக்கும் நடக்கும் இழுபறி பற்றிய பேச்சு பெரும்பாலும் ஒரு முன்முடிவோடுதான் தொடங்குகிறது: பணத்தின் ஆசைக்கு எல்லையில்லை, கலைக்கோ தனக்கென்று ஓர் அளவு உண்டு, எனவே அளவற்றதிடமிருந்து அளவுள்ளதைக் காக்க வேண்டும் என்பது அது. இம்முன்முடிவின் முதற்பாதிக்கு அரிஸ்டாட்டில் சான்றாக அழைக்கப்படுவது வழக்கம். ‘அரசியல்’ என்னும் நூலின் முதற்பகுதியில் அவர் பொருளீட்டலை இரண்டாகப் பிரித்து, இல்லறத்தை நடத்துவதற்காக ஈட்டும் பொருளுக்கு இயல்பான எல்லை உண்டென்றும், பணத்தைக் கொண்டு பணத்தைப் பெருக்கும் முறைக்கு அப்படி எல்லை ஏதும் இல்லையென்றும் கூறுகிறார். ஆனால் அதே இடத்தில் அவர் சொல்லும் மற்றொன்றைப் பலர் கடந்து போய்விடுகின்றனர்: மருத்துவம் உடல்நலத்தை எல்லையின்றி நாடுவது போலவே, ஒவ்வொரு கலையும் தன் நோக்கத்தை எல்லையின்றியே நாடுகிறது, எல்லை உள்ளவை அந்நோக்கத்துக்கான கருவிகள் மட்டுமே என்பது அவர் கருத்து. இதன்படி பார்த்தால் அளவற்றது பணம் மட்டுமன்று. முழுமையைத் தேடும் கலையும் தன்னளவில் ‘போதும்’ என்னும் சொல்லை அறியாது. அசைவூட்டப் படத்தில் மோதுபவை இரண்டு எல்லையற்ற ஆசைகள் என்று கொண்டால்தான், அதன் வரலாற்றில் நிகழ்ந்த சில வெற்றிகளும் அழிவுகளும் புரியத் தொடங்குகின்றன.

அழிவுக்கு ரிச்சர்ட் வில்லியம்ஸின் வரலாற்றை விடத் தெளிவான எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது. கனடாவின் டொரன்டோவில் 1933இல் பிறந்து லண்டனில் தொழில் செய்த இவர், 1964 அளவில் கிழக்கத்திய முல்லா நஸ்ருதீன் கதைகளை அடிப்படையாகக் கொண்டு ஒரு படத்தைத் தொடங்கினார். கதை உரிமை சார்ந்த பிணக்கால் நஸ்ருதீன் விலக, அது ‘திருடனும் செருப்புத் தைப்பவனும்’ என்னும் வேறு கதையாக மாறியது. விளம்பரப் படங்களும் பிறருக்குச் செய்து கொடுத்த வேலைகளும் ஈட்டித் தந்த பணத்தை அவர் இதில் கொட்டினார். அமெரிக்க அசைவூட்டத்தின் மூத்த கலைஞர்களான கென் ஹாரிஸ், கிரிம் நாட்விக், ஆர்ட் பாபிட் ஆகியோரைத் தம் கூடத்துக்கு அழைத்து, தம்மையும் தம் இளைஞர்களையும் அவர்களிடம் மாணவராக்கினார். அப்படத்தின் ஒரு துரத்தல் காட்சியில், கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் பதித்த அரண்மனைக்குள் திருடனும் செருப்புத் தைப்பவனும் ஓடுகின்றனர். தரை எது, சுவர் எது, படி மேலே போகிறதா கீழே இறங்குகிறதா என்று கண்ணால் தீர்மானிக்க முடியாதபடி அந்த வடிவங்கள் ஒவ்வொரு சட்டகத்திலும் இடம் மாறுகின்றன. கணினியின் துணையின்றி அவை அனைத்தும் கையால் வரையப்பட்டவை. ஒரு நொடிக்கு 12 சித்திரங்கள் போதுமென்று தொழிலுலகம் ஏற்றுக்கொண்ட இடங்களிலும் 24 வேண்டும் என்பது வில்லியம்ஸின் பிடிவாதம்.

1988இல் வெளிவந்த ‘ஹூ ஃப்ரேம்ட் ராஜர் ராபிட்’ படத்தின் அசைவூட்டத்தை இயக்கி அவர் பெற்ற ஆஸ்கர் விருதுகள், கால் நூற்றாண்டுக் காத்திருப்புக்குப் பிறகு வார்னர் பிரதர்ஸ் நிறுவனத்தின் ஆதரவைக் கொண்டுவந்தன. அதோடு முடிப்பு உத்தரவாதம் என்ற ஏற்பாடும் வந்தது. குறித்த காலத்தில், குறித்த செலவில் படம் முடியும் என்று ஒரு நிறுவனம் முதலீட்டாளருக்கு உறுதியளிப்பதும், அவ்வுறுதி தவறும் நிலை வந்தால் படத்தைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்வதும் அந்த ஏற்பாட்டின் சாரம். கெடு கடந்தது. 1992 மே மாதத்தில், ஏறத்தாழ 15 நிமிடக் காட்சிகள் மட்டுமே எஞ்சியிருந்த நிலையில், படம் வில்லியம்ஸின் கையை விட்டுப் போயிற்று. அவருக்குப் பின் பொறுப்பேற்றவர்கள் பல காட்சிகளை வெட்டி, பாடல்களைச் சேர்த்து, வாய் பேசாத செருப்புத் தைப்பவனைப் பேச வைத்து 1993இல் வெளியிட்டனர். 1995இல் அமெரிக்காவில் வெளிவந்த வடிவத்தில் திருடனின் மனத்துக்கும் ஒரு குரல் பொருத்தப்பட்டது. இதற்கிடையில் டிஸ்னியின் ‘அலாதீன்’ 1992 நவம்பரில் வந்து, அரபு நகரமும் சூழ்ச்சிக்கார அமைச்சனும் உள்ள கதைக்கான சந்தையை எடுத்துக்கொண்டு விட்டது.

வணிகம் கலையைக் கொன்ற கதை என்று இதைச் சொல்லி முடிப்பது எளிது, சொல்லியும் வருகிறார்கள். ஆனால் அக்கூற்று பாதி உண்மையைத்தான் தொடுகிறது. கென் ஹாரிஸ் 1982இலும், நாட்விக் 1990இலும், பாபிட் 1992 மார்ச்சிலும் மறைந்தனர். தாங்கள் வரைந்ததைத் திரையில் முழுமையாகக் காணாமலே அம்முதியவர்கள் போனார்கள் என்பதற்கு எந்த வங்கியும் பொறுப்பில்லை. பணம் குறுக்கிடாத 24 ஆண்டுகளில் அப்படம் தன் எல்லையைத் தானே கண்டுகொள்ளவில்லை. இலாப நோக்கமே இல்லாத அமைப்புகளில் இச்சிக்கல் மறைந்துவிடும் என்று நினைப்பதற்கும் இடமில்லை: சோவியத் அரசின் அசைவூட்டக் கூடத்தில் பணியாற்றிய யூரி நார்ஷ்டெய்ன், கோகலின் ‘மேலங்கி’ கதையை 1981இல் படமாக்கத் தொடங்கி, வேகம் போதாது என்று அங்கிருந்து வெளியேற்றப்பட்டார். அரசாங்கமும் கெடு வைத்தது. கெடுவுக்குப் பின்னால் இலாபக் கணக்கு இருந்ததா, ஐந்தாண்டுத் திட்டம் இருந்ததா என்பது வரைபவனின் மேசைக்கு ஒன்றுதான்.

அப்படியானால் 1992இல் நிகழ்ந்த தவறு எது? கெடு வைத்ததில் தவறில்லை. கெடுவுக்குப் பின் யார் முடிவெடுத்தார் என்பதில்தான் தவறு இருக்கிறது. இதைத் துலக்கிக் காட்டும் கருத்து அலஸ்டேர் மக்கின்டைர் 1981இல் வெளியிட்ட ‘அறத்துக்குப் பின்’ என்ற நூலில் உள்ளது. ஒரு செயல்மரபில் ஈடுபடுவதால் கிடைக்கும் நன்மைகளை அவர் அகநன்மை, புறநன்மை என்று இரண்டாகப் பகுக்கிறார். சதுரங்கம் ஆட விருப்பமில்லாத குழந்தைக்கு மிட்டாய் தருவதாகச் சொல்லி ஆடக் கற்பிப்பதை அவர் எடுத்துக்காட்டாகத் தருகிறார்: மிட்டாய் மட்டுமே நோக்கமாக இருக்கும்வரை, மாட்டிக்கொள்ளாமல் ஏமாற்ற முடிந்தால் குழந்தை ஏமாற்றாமலிருக்க ஒரு காரணமும் இல்லை, ஆட்டத்துக்கே உரிய கூர்மையிலும் கற்பனையிலும் அது ஒருநாள் சுவை கண்டுவிட்டால், அதன்பின் ஏமாற்றுவது தன்னையே தோற்கடிப்பதாகிவிடும். மிட்டாய் புறநன்மை, அதைக் கடையிலும் வாங்கலாம். ஆட்டத்தின் சுவை அகநன்மை. அதை ஆடித்தான் பெற முடியும், ஆடியவர்தான் மதிப்பிடவும் முடியும். செயல்மரபுகள் நிறுவனங்களின்றி நீடிக்க மாட்டா என்பதையும், நிறுவனங்கள் இயல்பாகவே புறநன்மைகளை நோக்கிச் சாயும் என்பதையும் ஒருசேர வலியுறுத்தியதே மக்கின்டைரின் சிறப்பு. கலைஞர்களுக்குப் பிடித்த பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு மறுபாதியை விட்டுவிட அவர் இடம் தருவதில்லை. வாய் பேசாத பாத்திரத்தைப் பேச வைத்தவர்கள் தீயவர்கள் அல்லர். மௌனம் அந்தப் படத்துக்கு ஏன் உயிராக இருந்தது என்பதை மதிப்பிடும் கண் அவர்கள் ஏற்ற பொறுப்புக்குத் தேவைப்படாததாக இருந்தது, அவ்வளவே.

அகநன்மையை அறிந்த ஒருவரே நிறுவனத்தின் பக்கமும் நிற்க நேர்ந்தால் என்ன நிகழும் என்பதற்கு ஜப்பானின் ஸ்டூடியோ ஜிப்லி நீண்ட ஒரு சான்று. 1985இல் தோக்குமா பதிப்பகத்தின் ஆதரவோடு தொடங்கிய இந்நிறுவனத்தில் ஹயாவோ மியாசாகி, இசாவோ தகாஹாதா ஆகிய இரு இயக்குநர்களோடு, அப்பதிப்பகத்தின் அசைவூட்ட இதழான ‘அனிமேஜ்’ வழியாக வந்த தோஷியோ சுசுகி தயாரிப்பாளராக இணைந்தார். இயக்குநர்கள் இருவருமே முன்பு தோயே என்னும் அசைவூட்ட நிறுவனத்தில் பணியாற்றியவர்கள், இருவருமே வணிகத்திடம் சூடுபட்டவர்கள். தகாஹாதா இயக்கிய முதற்படமான ‘ஹோருஸ்’ திட்டமிட்ட காலத்தைப் பன்மடங்கு தாண்டி 1968இல் வெளிவந்து, சில நாள்களிலேயே திரையரங்குகளிலிருந்து எடுக்கப்பட்டது. அதன்பின் அங்கே அவர் இன்னொரு திரைப்படத்தை இயக்கவில்லை. மியாசாகியின் ‘நவ்சிக்கா’ 1985இல் அமெரிக்காவில் வெளியானபோது 20 நிமிடத்துக்கு மேல் வெட்டுப்பட்டு, வேறொரு பெயரில் சிதைந்து நின்றது. அதற்குப் பின் வெட்டக் கூடாது என்பதை ஜிப்லி நிபந்தனையாக்கியது. ‘இளவரசி மோனோநோகே’ அமெரிக்கா சென்றபோது அந்நிபந்தனையை நினைவூட்ட அங்கிருந்த விநியோகத் தலைவருக்குத் தம் தயாரிப்பாளர் ஒரு ஜப்பானிய வாளையே அனுப்பியதை மியாசாகி பின்னர் உறுதிப்படுத்தியிருக்கிறார். வணிகப் பேச்சுவார்த்தை நூல்களில் இடம்பெறாத உத்திதான்; ஆனால் வாளை அனுப்பியவர் இயக்குநரல்லர், கணக்குப் பார்க்கும் தயாரிப்பாளர் என்பதே கவனிக்கத்தக்கது.

இந்த வரலாற்றின் உச்சம் 2013இல் வெளிவந்த ‘இளவரசி காகுயா’. மூங்கில் வெட்டுபவன் கண்டெடுத்த நிலவுலகப் பெண்ணைப் பற்றிய பழைய ஜப்பானியக் கதை இது. தகாஹாதாவின் முந்தைய படம் 1999இல் வசூலில் சறுக்கியிருந்தது. ஆயினும் நிப்பான் தொலைக்காட்சியின் தலைவராக இருந்த செய்ச்சிரோ உஜியே, இவரது படம் ஒன்றை இன்னும் ஒருமுறை காண வேண்டும் என்று விரும்பிப் பின்னின்றார். எட்டு ஆண்டுகள் ஓடின. ஏறத்தாழ 500 கோடி யென் செலவாயிற்று. உஜியே 2011இல் மறைந்தார். படத்தில் கோடுகள் கரித்துண்டால் இழுத்தவை போல உடைந்தும் தடித்தும் கிடக்கின்றன, சட்டகத்தின் ஓரங்கள் வண்ணம் தீட்டப்படாத வெறும் வெண்மையாக விடப்பட்டுள்ளன. தன் பெயர்சூட்டு விழாவின்போது தன்னைக் குறித்து ஆண்கள் பேசும் இழிசொற்களைக் கேட்டுக் காகுயா மாளிகையை விட்டு ஓடும் காட்சியில், பட்டாடைகள் ஒவ்வொன்றாகக் கழன்று விழ, அவள் முகமும் உடலும் வெறும் கீறல்களாகச் சிதறுகின்றன. சினத்தின் வேகத்தில் கோடு தன் உருவத்தையே கைவிடுகிறது. முடிக்கப்படாத ஓவியம் போலத் தோன்றும் இதைச் சாதிக்கத்தான் அத்தனை செலவும் பிடித்தது, ஏனெனில் ஒருவர் இழுத்த கோட்டின் நடுக்கத்தை அடுத்தடுத்த சித்திரங்களில் மற்றவர்கள் காப்பாற்றியாக வேண்டும். ஜப்பானில் அதன் வசூல் செலவின் பாதியளவில் நின்றது.

வணிக நோக்கில் தோல்வியான அப்படம் சாத்தியமானதற்குக் காரணம், 2001இல் வந்த மியாசாகியின் ‘ஸ்பிரிட்டட் அவே’ ஜப்பானில் 3,000 கோடி யென்னைத் தாண்டி வசூலித்ததும், முதலில் திரையரங்கில் பெரிதாக ஓடாத ‘டோட்டோரோ’ பின்னாளில் பஞ்சுப் பொம்மைகளாக மாறிக் கூடத்தைத் தாங்கியதும்தான். பொம்மை விற்ற காசில் கரிக்கோடு வாழ்ந்தது. தமிழில் ‘பொருள்’ என்ற ஒரே சொல் செல்வத்தையும் குறிக்கும், சொல் உணர்த்துவதையும் குறிக்கும் என்பதைக் கொண்டு, இரண்டும் அடிப்படையில் ஒன்றே என்று சமாதானம் சொல்லிவிடலாம். ஆனால் அது சிலேடையே தவிர வாதமன்று. அதை விட உறுதியான இடம் திருக்குறளின் அமைப்பில் கிடைக்கிறது. அறத்துக்கும் இன்பத்துக்கும் இடையே பொருளை வைத்த வள்ளுவர், ‘பொருள்செயல்வகை’ என்று ஓர் அதிகாரத்தையே ஒதுக்கி, செல்வத்தின் தேவையை ஒளிக்காமல் ஒப்புக்கொண்டு, அது வரும் வழியின் தூய்மையை நிபந்தனையாக்கினார். இந்த நிபந்தனையை அசைவூட்டக் கூடத்துக்குப் பொருத்தினால், கேட்க வேண்டியது படைப்பாளி பணத்துக்கு வளைந்தாரா என்பது மட்டுமன்று. அவருடைய கனவின் விலையைக் கொடுத்தவர் யார் என்பதும்தான்.

தகாஹாதா சித்திரம் வரைபவரல்லர். அவர் கண்ட ஒவ்வொரு கோடும் மற்றவர் கையால் வந்தது. ஜப்பானிய அசைவூட்டத் தொழிலில் இடைச் சித்திரக்காரர்கள் பலர் ஒரு சித்திரத்துக்கு இவ்வளவு என்ற குறைந்த கூலிக்கு நெடுநேரம் உழைப்பவர்கள் என்பதும், அந்த நிலையை மாற்றவே 1989ஐ ஒட்டி ஜிப்லி தன் கலைஞர்களை மாதச் சம்பள ஊழியராக்கியது என்பதும், அம்முடிவே கூடத்தை ஓயாமல் படம் எடுத்தாக வேண்டிய நெருக்கடிக்குள் தள்ளியது என்பதும் இங்கே சேர்த்து எண்ண வேண்டியவை. பலனில் பற்று வைக்காமல் செயலைச் செய் என்னும் கீதையின் போதனையைக் கலைக்குப் பொருத்திப் பேசுவோர் உண்டு; ஒருவர் தமக்குத் தாமே சொல்லிக்கொள்ளும்வரை அது தவம். கூலி கேட்டு நிற்பவரிடம் முதலாளியோ மேதையோ அதைச் சொன்னால் அது சுரண்டல். வில்லியம்ஸின் எல்லையற்ற தேடல் தூயதாக இருந்திருக்கலாம். ஆனால் தேடுபவரின் தூய்மை, அத்தேடலில் இழுத்துச் செல்லப்படுவோரின் ஆண்டுகளுக்கு ஈடாகாது. அந்த வகையில் கெடு என்பது முதலாளியின் சாட்டை மட்டுமன்று. மேசையில் குனிந்திருப்பவர் வீட்டுக்குப் போவதற்கான உரிமையும் அதற்குள் ஒளிந்திருக்கிறது.

எனவே போதும் என்று சொல்லும் உரிமை, பணம் போட்டதாலேயே ஒருவருக்கு வந்துவிடாது. கனவு கண்டதாலேயும் வந்துவிடாது. படத்தின் அகநன்மையை மதிப்பிடும் கண்ணும், பிறருடைய பணத்துக்கும் உழைப்புக்கும் விடை சொல்லும் கடமையும் ஒரே இடத்தில் கூடும்போதுதான் அச்சொல்லுக்கு நியாயம் பிறக்கிறது. அந்த இரண்டும் ஒருவரிடமே இருக்க வேண்டும் என்பதில்லை, ஜிப்லியில் போல ஒருவரையொருவர் நம்பும் மூவரிடமும் இருக்கலாம்.

1988 ஏப்ரல் 16 அன்று ‘டோட்டோரோ’வோடு இணைந்து ஒரே காட்சியாக வெளியான தகாஹாதாவின் ‘மின்மினிகளின் கல்லறை’ அந்நாளில் முழுமையாக முடிந்திருக்கவில்லை. தேதி மாறவில்லை, பசித்த தங்கைக்காகக் காய்கறி திருடிய சிறுவன் செய்தா பிடிபடும் பகுதி உட்படச் சில துண்டுகள், வண்ணம் ஏறாத வெறும் கோட்டுச் சித்திரங்களாகவே அரங்குகளில் ஓடின. பின்னர் அவற்றுக்கு வண்ணம் தீட்டிப் படத்தில் சேர்த்தார்கள்.